நடு வட்டம்

ஜபல்பூர்
18 ஆகஸ்ட் 1996

ஜம்புநாதனுக்கு,

'தம்பி' என்று தொடங்கி அடித்துவிட்டேன். அடித்தது உன் கண்ணில் படட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

இங்கே வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. கிடங்கில் ஒரு மூலையில் மேசை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் லாரி டயர்கள் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கின்றன. ரப்பர் நாற்றம் சேலையில் ஏறிவிட்டது, அலசினாலும் போக மாட்டேன் என்கிறது. டெல்லியில் படைத் தலைமையகத்தின் தகவல் பிரிவுக்கே சூப்பரிண்டெண்டெண்டாக இருந்தவள், இங்கே டயர் வந்ததா போனதா என்று கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன குளிர்காலத்தில் நீ எங்கள் ஆபீசுக்கு வந்தபோது உன்னிடம் யார் பேசினார்கள், சொல். ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து யாரோ ஒரு பையன் வந்திருக்கிறான், யார் யாருக்குப் போன் செய்கிறார்கள், எந்தச் செய்தி எந்த வழியாகப் போகிறது, எங்கே தேங்குகிறது என்று ஆராயப் போகிறானாம் என்றதும் எல்லோரும் வாயைத் தைத்துக்கொண்டார்கள். நான்தான் கூப்பிட்டு உட்கார வைத்தேன். நம்ம ஊர்ப் பையன், திருச்சிக்காரன், கேன்டீன் ராஜ்மாவைத் தின்று வயிறு கெட்டுக் கிடக்கிறானே என்று ஞாயிற்றுக்கிழமைகளில் சரோஜினி நகர் வீட்டுக்கு வரச் சொல்லிச் சொதி வைத்துப் போட்டேன். மதுவுக்கு நீ கணக்குச் சொல்லிக்கொடுத்தாய். நான் உனக்குத் தலைமையகத்தைச் சொல்லிக்கொடுத்தேன். சப்ளை கர்னலும் மருத்துவப் பிரிவுக் கர்னலும் ஒரு கல்யாண விருந்தில் சண்டை போட்டதிலிருந்து நேரில் பேசுவதில்லை, இருவருடைய காரியமும் என் மேசை வழியாகத்தான் நடக்கிறது என்பது வேறு யார் சொல்லி உனக்குத் தெரியும்?

பிரிகேடியர் என்னை அழைத்தபோது உன் அறிக்கை அவர் முன்னால் இருந்தது. வட்டங்களும் கோடுகளுமாக ஒரு படம். எல்லாக் கோடும் நடுவில் ஒரு பெரிய வட்டத்தில் போய் முட்டியது.

"லீலாவதிஜி, என் தலைமையகம் உங்கள் கைக்குள் இருக்கிறதாமே?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டார். அந்த வாரமே மாற்றல் உத்தரவு வந்துவிட்டது.

குவார்ட்டர்ஸ் போயிற்று. பிளஸ் டூ படிக்கும் என் பெண் மதுவை ஜனக்புரியில் சிநேகிதி பட்டு வீட்டில் விட்டு வந்திருக்கிறேன். அங்கிருந்து மோதி பாக் ஸ்கூலுக்கு தினமும் புளூலைன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போகிறாள்.

எதற்காகச் செய்தாய் என்று மட்டும் எழுது.

லீலாவதி


புது டெல்லி
2 செப்டம்பர் 1996

அன்புள்ள லீலா அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை நாலைந்து தடவை படித்தேன். என்ன எழுதினாலும் சமாதானம் சொல்வது போலத்தான் இருக்கும். ஆனாலும் எழுதுகிறேன்.

அறிக்கையில் எந்த இடத்திலும் உங்கள் பெயர் கிடையாது. 'தகவல் பிரிவின் மேற்பார்வை இருக்கை' என்றுதான் குறித்திருக்கிறேன். என் வேலை ஆட்களைப் பற்றியது அல்ல, வழிகளைப் பற்றியது. எல்லாப் பேச்சும் ஒரே இடத்தின் வழியாகப் போனால், அங்கே இருப்பவர் காய்ச்சலில் படுத்தால்கூடத் தலைமையகம் ஊமையாகிவிடும். அதனால் இன்னும் இரண்டு வழிகளைத் திறக்க வேண்டும் என்று எழுதினேன். இருப்பவரைத் தூக்குங்கள் என்று நான் எழுதவில்லை. பிரிகேடியர் அப்படிப் படித்துக்கொண்டால் நான் என்ன செய்ய முடியும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபிக்காதீர்கள். ஏப்ரலில் ஆம்புலன்ஸ் சம்பந்தமான கடிதத்தை நீங்கள் மேசையிலேயே வைத்திருந்தீர்கள். மருத்துவப் பிரிவு மேஜர் நேரில் வந்து, "லீலாவதிஜி, ப்ளீஸ்" என்று கெஞ்சிய பிறகுதான் அனுப்பினீர்கள். அவர் போனதும் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினீர்கள். அன்று நானும் சிரித்தேன். ஆனால் அறைக்குப் போன பிறகு எனக்குப் பயமாக இருந்தது.

மதுவுக்கு ஞாயிறு தோறும் ஜனக்புரி போய்க் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அதையாவது செய்ய விடுங்கள்.

உங்கள் தம்பி
ஜம்பு


ஜபல்பூர்
14 செப்டம்பர் 1996

ஜம்புநாதனுக்கு,

ஆமாம், கெஞ்ச வைத்தேன். அந்த மேஜர் அதற்கு முந்தின மாதம் எங்கள் அந்தோணியை, தலை நரைத்த மனுஷனை, போன் இணைப்புக் கொடுக்கத் தாமதித்தான் என்று எக்ஸ்சேஞ்சில் எல்லோர் முன்னாலும் 'கதா' என்று திட்டினான். கழுதையாம். அந்தோணி வாய் திறக்கவில்லை. நான் வாய் திறக்காமலே அந்த மேஜருக்குக் காட்டினேன். உன் படத்தில் அந்தோணி எங்கே இருந்தான்? இரண்டாம் போர்டு என்று வெறும் நம்பராக இருந்திருப்பான்.

பெயர் எழுதவில்லையாம், இருக்கையை எழுதினாயாம். அந்த இருக்கையில் என்ன, பூனையா உட்கார்ந்திருந்தது?

மது பக்கம் போகாதே. பட்டுவிடமும் சொல்லிவிட்டேன், உன்னைப் படியேற விடமாட்டாள்.

இனி எனக்கு எழுதாதே.

லீலாவதி


புது டெல்லி
8 டிசம்பர் 1996

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். தீபாவளிக்கு எழுதிய கடிதத்துக்கும் பதில் இல்லை. இருந்தாலும் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை, ஏனென்றால் அது உங்களுக்குத்தான் புரியும்.

ஆராய்ச்சியின் இரண்டாம் கட்டம் தொடங்கியிருக்கிறது. முதல் முறை என்னைக் கண்டாலே நகர்ந்து போனவர்கள் இப்போது அவர்களாகவே போன் செய்கிறார்கள். ஸ்டோர்ஸ் கேப்டன்தான் ஆரம்பித்து வைத்தார். போர்வை ஃபைல் ஒன்று எங்கோ சிக்கியிருக்கிறதாம்.

"ஆப்கிட்டச் சொன்னா நடக்கும்னு சொன்னாங்க" என்று அவருக்குத் தெரிந்த அரைத் தமிழில் சொன்னார். சென்னையில் பயிற்சி எடுத்தவராம்.

"யார் சொன்னது?" என்று கேட்டேன். சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

நான் மேலே ஒரு வார்த்தை சொன்னேன், ஃபைல் மறுநாள் நகர்ந்தது. அதிலிருந்து தினமும் யாராவது ஒருவர். சப்ளை கர்னலே அழைத்து, மருத்துவப் பிரிவுக்கு ஒரு செய்தி சொல்லச் சொன்னார். நீங்கள் இருந்த இடத்தின் சுகம் எனக்கு இப்போது கொஞ்சம் தெரிகிறது. போனை வைத்த பிறகு ஒரு மாதிரி மிதப்பாக இருக்கிறது, அக்கா. உங்களைக் குறை சொன்னதற்கு வெட்கப்படுகிறேன்.

மது நன்றாக இருக்கிறாளா?

ஜம்பு


ஜபல்பூர்
5 ஜனவரி 1997

அன்புள்ள தம்பி ஜம்புவுக்கு,

புது வருஷ வாழ்த்துகள். உன் கடிதம் கண்டு சந்தோஷம். வந்த புதிதில் கோபத்தில் என்னென்னவோ எழுதிவிட்டேன். இங்கே குளிர் அவ்வளவாக இல்லை. டயர் நாற்றமும் பழகிவிட்டது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். நம்மைத் தேடி வந்து உதவி கேட்கிறவர்களைத் திருப்பி அனுப்பாதே. அவர்கள் பாவம், மேலே போய்க் கேட்கப் பயந்து நம்மிடம் வருகிறார்கள். சின்னக் காரியமானாலும் நீயே போன் செய்து முடித்துக் கொடு. அப்படித்தான் நம்பிக்கை வளரும். நானும் அப்படித்தான் வளர்ந்தேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். ராஜ்மாவைத் தொடாதே.

உன் அக்கா
லீலாவதி


புது டெல்லி
16 பிப்ரவரி 1997

அன்புள்ள அக்காவுக்கு,

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்ட முடிவுகளைச் செவ்வாய்க்கிழமை பிரிகேடியர் முன் வைத்தோம். கர்னல்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். படம் வரைந்தது என் உதவியாளன் வெங்கி. கம்ப்யூட்டரில் போன் பட்டியலை ஏற்றியதும் அதுவாக வரைந்துவிடும். எனக்குப் போன் வந்துகொண்டே இருந்ததால் முன்கூட்டிப் பார்க்க நேரமில்லை. கூட்டத்திலேயே திரையில் போட்டான்.

நடுவில் ஒரு பெரிய வட்டம். எல்லாக் கோடுகளும் அதற்கு.

"யே பீச்வாலா கௌன் ஹை?" என்று சப்ளை கர்னல் அந்த நடு வட்டத்தைக் காட்டி, யார் இது என்று கேட்டார்.

வெங்கிக்கு இருபத்து மூன்று வயது, சூது தெரியாதவன். "சார், அது நம்ம ஜம்புநாதன் சார் எக்ஸ்டென்ஷன்" என்றான்.

முதலில் சிரித்தார்கள். பிரிகேடியர் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு சிவிலியன் வழியாக எல்லாப் பிரிவுகளின் பேச்சும் போகிறதென்றால் இவன் யார், யாருக்காக இதைச் சேர்க்கிறான் என்று அவர் கேட்டார். ஒருவரும் எனக்காகப் பேசவில்லை. அந்தப் போர்வைக் கேப்டன் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் பாஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். விசாரணை நடக்கிறது. நிறுவனம் என்னைச் சஸ்பெண்ட் செய்துவிட்டது. உளவு என்ற வார்த்தையை ஒருத்தர் சொல்லிவிட்டார். அது ஒட்டிக்கொண்டால் எனக்கு இந்த நாட்டில் எங்கேயும் வேலை கிடையாது. அப்பாவுக்கு இன்னும் தெரியாது.

உங்களுக்கு அந்த மனிதர்களைத் தெரியும். அவர்களாகத்தான் என்னைத் தேடி வந்தார்கள், அது அந்த இடத்தின் பழக்கம் என்று பிரிகேடியருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுதினால் நம்புவார். கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜம்பு


ஜபல்பூர்
24 பிப்ரவரி 1997

ஜம்புநாதனுக்கு,

கெஞ்சு. இன்னும் கொஞ்சம் கெஞ்சு. கேட்க நன்றாக இருக்கிறது.

அவர்களாக வந்தார்கள் என்றா நினைத்தாய்? ஸ்டோர்ஸ் கேப்டனிடம் சொன்னது நான். சப்ளை ஆபீஸ் ஹெட் கிளார்க்கிடம் சொன்னது நான். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, 'நான் இல்லாமல் கஷ்டமாக இருக்கும், ஜம்புநாதன் சாரைக் கேளுங்கள், பிரிகேடியர் அவர் பேச்சைத் தட்டமாட்டார்' என்றேன். பயந்த சுபாவக்காரர்களிடம் மட்டும், 'நீங்கள் யாருக்குப் போன் செய்தாலும் அவருக்குத் தெரியும், பகைத்துக்கொள்ளாதீர்கள்' என்று சேர்த்துச் சொன்னேன். இவ்வளவு வருஷமாக அவர்கள் வீட்டுக் கல்யாணம், சாவு, பிள்ளைகளுக்கு அட்மிஷன் எல்லாம் விசாரித்தவள் நான். என் பேச்சைக் கேட்காமல் யார் பேச்சைக் கேட்பார்கள்?

உன் கணக்கு நன்றாகத்தான் வேலை செய்கிறது. நடுவில் யாரை வைத்தாலும் வட்டம் பெரிதாகத்தான் காட்டுகிறது. உன் பெயரும் அதில் இருந்திருக்காது, எக்ஸ்டென்ஷன் நம்பர்தான் இருந்திருக்கும். அதற்கு ஏன் எழுத்து கோணுகிறது?

பிரிகேடியருக்கு நான் ஒன்றும் எழுதமாட்டேன்.

லீலாவதி


புது டெல்லி
10 மார்ச் 1997

லீலாவதி அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. கிழித்துவிட்டேன். அது தேவைப்படவில்லை.

நேற்று விசாரணை அதிகாரியிடம் வாக்குமூலம் கொடுத்தேன். போன் பட்டியல்கள் அவர்கள் கையிலேயே இருக்கின்றன. எங்கே பார்க்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். எனக்கு முதல் தடவை போன் செய்த ஒவ்வொருவருக்கும், அதற்குச் சற்று முன்பு, எக்ஸ்சேஞ்சின் இரண்டாம் போர்டு வழியாக வெளியூர் அழைப்பு ஒன்று இணைக்கப்பட்டிருக்கிறது. வெளியூர் அழைப்பை எழுதி வைக்க வேண்டியது போர்டுக்காரரின் கடமை. ஒன்றுகூட எழுதப்படவில்லை.

அழைப்பு எந்த ஊரிலிருந்து வந்தது என்பது பட்டியலில் வராது. போர்டு மட்டும்தான் வரும். நானும் போர்டைத்தான் சொன்னேன், பெயர் சொல்லவில்லை.

ஜம்புநாதன்


ஜபல்பூர்
19 மார்ச் 1997

அடப் பாவி,

அந்தோணியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவன் பெண்சாதி பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டு அழுதாள். "லீலாம்மா, அவர் சாப்பிடலை. அன்னியனுக்கு வேவு பாத்தியான்னு கேட்டாங்களாம். எங்கிருந்து யார் பேசினதுன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறார்."

என் பெயரைச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே அந்த மனுஷன்! சொல்லவில்லை. பழைய ஆட்களிடம் நலம் விசாரிக்கக் கூப்பிடுகிறேன் என்று நான் சொன்னதை நம்பி இணைத்துக் கொடுத்தவன். அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறான். பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பேசிக்கொள்கிறார்களாம்.

எனக்கும் உனக்கும் இருந்ததை எனக்கும் உனக்குமாக வைத்துக்கொள்ள உனக்குத் துப்பில்லை. நேராக என் கழுத்தைப் பிடித்திருந்தால் உன்னை ஆம்பிளை என்று ஒத்துக்கொண்டிருப்பேன்.

லீலாவதி


ஜனக்புரி, புது டெல்லி
20 ஏப்ரல் 1997

ஜம்புநாதனுக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது. இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம்.

புதன்கிழமை விசாரணை அறைக்கு வெளியே, தாழ்வாரப் பெஞ்சில் நாம் இருவரும் உட்கார்ந்திருந்தபோது உனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, நான் உள்ளே போய் என்ன சொல்லப் போகிறேன் என்று. எனக்கே முழுக்கத் தெரியாது. ரயிலில் வரும்போதெல்லாம் அதையேதான் உருட்டிக்கொண்டு வந்தேன். அந்தோணியை மீட்க வேண்டும், உன்னை மீட்கக் கூடாது. இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்காதா என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். போன் செய்தது நான் என்று சொன்னால், என்ன பேசினாய் என்று கேட்பார்கள். நலம் விசாரித்தேன் என்று பொய் சொன்னால், அந்தக் கேப்டனையும் கிளார்க்கையும் கூப்பிட்டுக் கேட்டால் உடைந்துவிடும், அந்தோணி மறுபடி மாட்டுவான். உண்மையைச் சொன்னால் நீ தப்பிவிடுவாய். ஜான்சி தாண்டும்போது தெரிந்துவிட்டது, வேறு வழி இல்லை.

பெஞ்சில் நீ திரும்பி, "அக்கா, மது கணக்கு எப்படி எழுதினா?" என்று கேட்டாய். நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு தைரியம் இருந்தால் கேட்பாய் என்று நினைத்தேன்.

உள்ளே எல்லாவற்றையும் சொன்னேன். யார் யாரிடம் என்ன சொன்னேன், எதற்காகச் சொன்னேன், ஒன்றையும் விடவில்லை. பிரிகேடியர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"லீலாவதிஜி, ஒரு மாற்றலுக்காகவா?" என்றார்.

"மாற்றலுக்காக இல்லை சாப். என் வீட்டில் சாப்பிட்டுவிட்டு எழுதினானே, அதற்காக."

அவர் அந்தப் பேனாவைத் தள்ளி வைத்தார். பிறகு, "நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வருஷமாக என் தலைமையகத்தை நடத்தியிருக்கிறீர்கள். நான் வெறுமனே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. களைத்த மாதிரி இருந்தது.

வேலையிலிருந்து நீக்காமல் நானாக விருப்ப ஓய்வில் போவதாக எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டேன். டயரும் இல்லை, டெல்லியும் இல்லை. மதுவின் ரிசல்ட் வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு திருநெல்வேலி போகிறேன். அந்தோணியை திங்கட்கிழமையிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். இன்று காலை அவன் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவன்தான். "வாங்க" என்றான். உட்காரச் சொன்னான். ஆனால் முன்பு போல 'லீலாம்மா' என்று கூப்பிடவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

உன்மேல் பழியில்லை என்று உன் நிறுவனத்துக்கும் எழுதிவிட்டார்களாம். கொண்டாடிக்கொள். உனக்காக நான் வாய் திறக்கவில்லை என்பதை மட்டும் தெரிந்துகொள். உனக்குச் செய்ததற்கு எனக்கு இம்மியும் வருத்தமில்லை.

ஆனால் ஒரு சந்தேகம், நெஞ்சில் முள்ளாக இருக்கிறது. ஜபல்பூர் என்றோ லீலாவதி என்றோ நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முதல் நாளே என்னைப் பிடித்திருப்பார்கள். என் கடிதம்கூட உன் கையில் இருந்தது. கிழித்துவிட்டு, போர்டை மட்டும் காட்டினாய். ஏன்? வழக்கம் போலக் கோழைத்தனமா, இல்லை வேறு ஏதாவதா?

இதற்கு மட்டும் பதில் எழுது.

லீலாவதி


புது டெல்லி
27 ஏப்ரல் 1997

லீலா அக்காவுக்கு,

கோழைத்தனம் இல்லை.

உங்கள் கடிதத்தைக் கொடுத்திருந்தால் நீங்கள் மறுத்திருப்பீர்கள். நான் எழுதிக்கொண்ட பொய் என்று சொல்லியிருப்பீர்கள். என் வார்த்தையா உங்கள் வார்த்தையா என்று வந்தால், அந்தக் கட்டடத்தில் என் பக்கம் ஒரு ஆள் இல்லை. நீங்களாகவே வந்து சொன்னால்தான் நம்புவார்கள்.

நீங்கள் யாருக்காக எழுந்து வருவீர்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டுதானே உங்கள் மேசைக்கு எதிரில் அவ்வளவு மாதம் உட்கார்ந்திருந்தேன். எனக்காக வரமாட்டீர்கள் என்பது பிப்ரவரியில் தெரிந்துவிட்டது. மதுவைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

மிச்சம் இருந்தது அந்தோணி.

வியாழக்கிழமை நானும் அவர் வீட்டுக்குப் போனேன். கதவு திறக்கவில்லை. உள்ளே ரேடியோ பாடிக்கொண்டிருந்தது.

ஜம்பு